கிக்கர் வேலை சுகமான வேலையா?

ஆட்டம் முழுக்க ஓரமாக நின்றுவிட்டு நாலைந்து தடவை பந்தை உதைக்கிறவருக்கு எதற்குக் கோடிக்கணக்கில் சம்பளம், அமெரிக்கக் கால்பந்தில் இதைவிடச் சுகமான வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில், "அடிபடாத வேலை, நாற்பது வயது வரை கவலையில்லாமல் ஓட்டிவிடலாம்தானே?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். உழைப்பு குறைவா அதிகமா என்பது இருக்கட்டும், இந்த வேலை நிலைக்குமா? பெரும்பாலானவர்களுக்கு நிலைக்காது. நாற்பதைத் தாண்டி ஆடியவர்கள் உண்டு, ஆனால் அவர்களிலும் பலர் முதலில் ஏதோ ஓர் அணியால் வேண்டாமென்று விடப்பட்டவர்கள். இந்தத் தொழிலின் வாசலே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பிசியோதெரபிஸ்ட். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழக அணியின் சிகிச்சை அறையில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். என் மேசையில் வந்து படுத்த கிக்கர்களின் இடுப்பும் தொடையும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணி எதிலும் நான் வேலை பார்த்ததில்லை. ஆகவே உடம்பைப் பற்றிச் சொல்வதை அனுபவமாகவும், லீகைப் பற்றிச் சொல்வதை வெளியிலிருந்து பல வருடம் கவனித்தவனின் பேச்சாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. அதைத் தொடர்ந்து உதைத்துப் பெறும் கூடுதல் புள்ளி 1. எல்லை வரை போக முடியாமல் வழியில் மாட்டிக்கொண்டால், அங்கிருந்தே உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்தை அனுப்பலாம். அது ஃபீல்டு கோல், 3 புள்ளி. கம்பங்களுக்கு இடையே 18 அடி 6 அங்குலம், குறுக்குக் கம்பத்தின் உயரம் 10 அடி. குறி தவறினால் புள்ளியும் போச்சு, உதைத்த இடத்திலேயே பந்து எதிரணி கைக்கும் போய்விடும். ஓர் அணிப் பட்டியலில் 53 பேர், அதில் கிக்கர் பொதுவாக ஒரே ஒருவர். பந்து பிடிப்பவர்களோ ஓடுபவர்களோ நாலைந்து பேர் இருப்பார்கள். இளையவர் மூத்தவருக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அடுத்த வருடம் இடம் பிடிக்கலாம். கிக்கருக்கு அந்தப் பெஞ்ச் கிடையாது. 32 அணி, 32 நாற்காலி. மற்றவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

அந்த நாலைந்து உதையையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். லாங் ஸ்னாப்பர் குனிந்து கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் வீசுகிறார். ஏழெட்டு கெஜம் தள்ளி முழந்தாளிட்டிருக்கும் ஹோல்டர் அதைப் பிடித்து, முனை தரையில் பட நிறுத்தி, தையல் நாடா கம்பத்தைப் பார்க்கும்படி திருப்புகிறார். கிக்கர் உதைக்கிறார். வீச்சு தொடங்கியதிலிருந்து உதை வரை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1.3 விநாடி. அதைவிட நீண்டால் எதிரணி ஆட்கள் வந்து தடுத்துவிடுவார்கள். அதாவது கிக்கர் அடியெடுத்து வைக்கும்போது அவர் உதைக்கப் போகும் பந்து இன்னும் தரைக்கே வந்திருக்காது. வரும் என்று நம்பித்தான் ஓடுகிறார். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கிக்கர் இரண்டு வாரம் தொடர்ந்து வலப்பக்கம் தவறவிட்டு, தொடைத் தசையில் கோளாறோ என்று என்னிடம் அனுப்பப்பட்டான். தொடையில் ஒன்றுமில்லை. ஹோல்டர் புதியவன், பந்தை ஒவ்வொரு முறையும் இரண்டு விரற்கடை முன்னால் வைத்துக்கொண்டிருந்தான். செய்தித்தாளில் வந்தது என்னவோ கிக்கரின் பெயர்தான்.

இந்த வேலை ஏன் இவ்வளவு கறாரானது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. அறுபதுகள் வரை கிக்கர்கள் பந்துக்கு நேர் பின்னாலிருந்து ஓடிவந்து பெருவிரல் நுனியால் உதைத்தார்கள். பலர் வேறு ஓர் இடத்திலும் ஆடிக்கொண்டு, உதைப்பதை உபதொழிலாக வைத்திருந்தவர்கள். ஹங்கேரியிலிருந்து 1956 எழுச்சிக்குப் பின் குடும்பத்தோடு தப்பி வந்த பீட் கோகலாக், 1964ல் பஃபலோ பில்ஸ் அணியில் சேர்ந்து, சாக்கர் (நம் ஊரில் கால்பந்து என்கிறோமே, அது) பாணியில் பக்கவாட்டிலிருந்து வந்து புறங்காலால் உதைத்துக் காட்டினார். தொழில்முறை ஆட்டத்தில் அப்படி உதைத்த முதல் ஆள் அவர். 1966ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை என்எஃப்எல்லுக்குப் போட்டியாக நடந்த ஏஎஃப்எல் லீகிலிருந்து கொத்திக்கொண்டு போனது, இரண்டு லீகுகளுக்கும் இடையே ஆள்பிடிக்கும் சண்டையை மூட்டிவிட்டது. சில வாரங்களிலேயே அவை இணைவதாக அறிவித்ததற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம். ஒரு கிக்கரால் லீகே இணைந்தது என்று சிலர் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை, ஆனால் பொய்யில்லை.

பிறகு வந்தவர் நார்வேக்காரர் யான் ஸ்டெனெருட். பனிச்சறுக்குத் தாண்டுதலுக்கான உதவித்தொகையில் மொன்டானாவுக்குப் படிக்க வந்தவர், கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் கிக்கராகி, முழுநேரக் கிக்கர்களில் முதல் ஆளாக 1991ல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அவருடைய கணக்கைப் பாருங்கள்: 558 முயற்சியில் 373, அதாவது மூன்றில் இரண்டு. இன்று லீகின் சராசரியே 85 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. மூன்றில் ஒன்றைத் தவறவிடுகிறவர் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டார். கிக்கர்கள் தேறத் தேற லீக் வேலையைக் கடினமாக்கியது. 1974ல் கம்பங்களை எல்லைக்கோட்டிலிருந்து 10 கெஜம் பின்னால், எல்லைப் பகுதியின் கடைசிக்குத் தள்ளினார்கள். பந்தை உலர்த்தியில் போடுவது, அடித்துப் பதப்படுத்துவது என்று கிக்கர்கள் செய்த சித்து வேலைகளுக்கு முடிவுகட்ட 1999ல் உதைப்பதற்கென்றே தனிப் புதுப் பந்துகளைக் கொண்டுவந்தார்கள். 2015ல் கூடுதல் புள்ளி உதையை 33 கெஜத்துக்குத் தள்ளினார்கள். எல்லாவற்றையும் மீறி இவர்கள் இன்னும் துல்லியமானார்கள். விளைவு, பார்ப்பவர்கள் கண்ணில் ஃபீல்டு கோல் இயல்பாக நடக்க வேண்டிய காரியமாகிவிட்டது. போட்டால் கடமை, விட்டால் குற்றம்.

இனி நீங்கள் கேட்ட நாற்பது வயதுக்கு வருகிறேன். அதற்கு ஆடம் வினாட்டியேரியை விட நல்ல உதாரணம் இல்லை. 1972ல் தெற்கு டகோட்டாவில் பிறந்தவர், அங்கேயே மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடினார். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொள்ளும் என்எஃப்எல் ஆண்டுத் தேர்வில் அவரை யாரும் எடுக்கவில்லை. அவர் போனது வர்ஜீனியாவுக்கு, டக் பிளெவின்ஸ் என்ற பயிற்சியாளரிடம். பிளெவின்ஸுக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம், சக்கர நாற்காலியில் இருப்பவர், வாழ்நாளில் ஒரு பந்தையும் உதைத்தவரில்லை. உதையின் இயக்கத்தைப் பார்த்துப் பார்த்தே கரைத்துக் குடித்தவர். என் தொழிலில் இருப்பவனுக்கு இந்தக் கதை தனியாகப் பிடிக்கும்: உடம்பு எப்படி அசைகிறது என்று தெரிய நம் உடம்பு அசைந்தாக வேண்டியதில்லை. 1996ல் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் என்ற ஐரோப்பிய அணிக்கு ஆடிவிட்டு, அதே ஆண்டு நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் இடம் பிடித்தார். தொடக்கத்தில் தடுமாறினார், வேலை ஆட்டம் கண்டது. அந்த டிசம்பரில் டாலஸுக்கு எதிராக, பந்தோடு பாய்ந்த ஹெர்ஷல் வாக்கரை, அக்காலத்து வேகப்புலியை, விரட்டிப் பிடித்துச் சாய்த்தார். கிக்கரிடம் யாரும் எதிர்பார்க்காத காரியம். பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் அன்றிலிருந்து அவரை முழு ஆட்டக்காரராக மதித்தார் என்பார்கள்.

2002 ஜனவரி 19, பேட்ரியட்ஸின் சொந்த ஊரான ஃபாக்ஸ்பரோ. ஓக்லாந்து ரெய்டர்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டம், தோற்றால் வெளியேற வேண்டியதுதான். கொட்டும் பனி, தரை தெரியவில்லை. 27 விநாடிதான் பாக்கி, 3 புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள், தூரம் 45 கெஜம். நல்ல தரையில் ஒரு கிக்கர் ஊன்றுகாலைப் பந்துக்குப் பக்கத்தில் அழுத்தி நட்டு, இடுப்பைத் திருப்பி, முழு வேகத்தையும் உதைகாலுக்கு மாற்றுவார். பனியில் ஊன்றுகால் வழுக்கினால் எல்லாம் முடிந்தது. பதிவை ஓட்டிப் பாருங்கள், வினாட்டியேரி அடிகளைக் குறுக்கி, பாதம் முழுதும் பதியப் பதிய நடப்பது போல வருகிறார். பந்து தாழ்வாகப் போய்க் குறுக்குக் கம்பத்தைத் தாண்டியது. கூடுதல் நேரத்தில் 23 கெஜத்திலிருந்து இன்னொன்றைப் போட்டு ஆட்டத்தையும் முடித்தார். இரண்டு வாரம் கழித்து லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில், நேரம் முடியும் தறுவாயில் 48 கெஜம், ராம்ஸ் அணியை 20–17 என்று வீழ்த்தியது. என்னைக் கேட்டால் அந்த 48ஐவிட இந்த 45 தான் பெரிய உதை.

அவர் 24 பருவம் ஆடினார். 599 ஃபீல்டு கோல், 2,673 புள்ளி, நான்கு சூப்பர் பவுல் வெற்றிகள். இதைப் பார்த்துத்தான் நாற்பது வயது வரை ஓட்டலாம் என்று தோன்றும். ஆனால் கடைசிப் பருவத்தையும் பாருங்கள். 2019, வயது 46, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். முதல் ஆட்டத்திலேயே இரண்டு ஃபீல்டு கோலும் ஒரு கூடுதல் புள்ளியும் தவறின, ஆட்டமும் தோற்றது. அந்தப் பருவத்தில் 25 முயற்சியில் 17 தான், கூடுதல் புள்ளியில் மட்டும் ஆறு தவறு. முழங்கால் கெட்டு, அறுவை சிகிச்சையோடு பருவம் முடிந்தது. இரண்டு முழுப் பத்தாண்டு சம்பாதித்த பெயர்தான் அவரை அந்த டிசம்பர் வரை களத்தில் வைத்திருந்தது. அதே எண்களோடு ஒரு 23 வயதுப் பையன் அக்டோபருக்குள் வீடு போயிருப்பான்.

போயிருக்கிறார்கள். ராபர்டோ அகுவாயோ கல்லூரியில் நாட்டின் சிறந்த கிக்கர் விருது பெற்றவர். 2016ல் டாம்பா பே அணி இரண்டாம் சுற்றிலேயே அவரை எடுத்தது. கிக்கருக்கு அது ராஜமரியாதை. 31 முயற்சியில் 22 போட்டார், அடுத்த ஆகஸ்டில் வெளியே. தென்கொரியாவின் சியோலில் பிறந்த யங்க்ஹோ கூ 2017ல் சார்ஜர்ஸ் அணிக்கு ஆடிய முதல் இரண்டு ஆட்டங்களிலும் கடைசி நேர 44 கெஜ உதைகள் கைவிட்டன, ஒன்று தடுக்கப்பட்டது, மற்றது விலகிப் போனது. நான்கு ஆட்டத்தோடு அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு புதிய சிறு லீகில் ஆடினார், அந்த லீகே பருவம் முடியுமுன் படுத்துவிட்டது. 2019 இறுதியில் அட்லாண்டா அழைத்தது. 2020ல் 39க்கு 37. 2025 செப்டம்பரில் அட்லாண்டாவும் விடுவித்தது. ராபி கோல்டைச் சிகாகோ பேர்ஸ் 2005ல் அழைத்தபோது கட்டட வேலையில் இருந்தார். பின்னாளில் பிளேஆஃபில் 29 முயற்சியில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. பிராண்டன் ஆப்ரி சாக்கரில் பிழைக்க முடியாமல் மென்பொருள் வேலைக்குப் போனவர். தொலைக்காட்சியில் ஒரு கிக்கரைப் பார்த்த மனைவி, உங்களால் இதைச் செய்ய முடியுமே என்றாராம். 2023ல் டாலஸ் கவ்பாய்ஸில் சேர்ந்து தன் முதல் 35 ஃபீல்டு கோல் முயற்சியையும் தொடர்ச்சியாகப் போட்டார். இவர்கள் காலின் பலம் ஒருவருக்கொருவர் அப்படியொன்றும் வேறுபட்டதில்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு என்ன செய்தார்கள், அப்போது எங்காவது ஒரு நாற்காலி காலியானதா என்பதே மற்றதைத் தீர்மானித்தது.

ஒரு தவறு ஒருவரின் வாழ்க்கையையே முடித்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பாதி சரி. ஸ்காட் நார்வுட் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1991 ஜனவரி 27, டாம்பாவில் சூப்பர் பவுல், கடைசி விநாடிகளில் 47 கெஜம், வலப்பக்கம் விலகியது, பஃபலோ 20–19 என்று தோற்றது. அவருடைய சொந்த மைதானம் செயற்கைத் தரை. புல்லில் நாற்பது கெஜத்தைத் தாண்டிய உதைகள் அவருக்கு அவ்வளவாகக் கைவந்ததில்லை என்பது அணிக்கும் தெரியும். அதைச் சொல்பவர்கள் குறைவு. அதைவிடக் குறைவானவர்கள் சொல்வது, அடுத்த ஆண்டும் அவர்தான் பஃபலோவின் கிக்கர் என்பது. 1992 ஜனவரியில் டென்வரை 10–7 என்று வென்று மீண்டும் சூப்பர் பவுலுக்குப் போனபோது, அந்த 3 புள்ளி இடைவெளிக்கு வழிசெய்தது நார்வுடின் 44 கெஜ உதை. தவறவிட்டு ஊர் திரும்பியவரை பஃபலோ மக்கள் கூட்டமாக வந்து பெயர் சொல்லி அழைத்து வரவேற்றதும் நடந்தது.

1998 பருவத்தில் மினசோட்டாவின் கேரி ஆண்டர்சன் 35க்கு 35 ஃபீல்டு கோல், 59க்கு 59 கூடுதல் புள்ளி. ஒன்றுகூடத் தவறவில்லை. 1999 ஜனவரியில், சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டத்தில், 38 கெஜ உதை ஒன்று இடப்பக்கம் நழுவியது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், எதிரணி அட்லாண்டாவின் மோர்டன் ஆண்டர்சன் அதே 38 கெஜத்திலிருந்து போட்டு முடித்தார். இருவரும் அப்போதே மூத்தவர்கள், இருவருமே அதன்பின் இன்னும் பல பருவம் ஆடினார்கள். டென்மார்க்கிலிருந்து மாணவராக வந்த மோர்டன் 2017ல் புகழ் மண்டபத்துக்குப் போனார்.

இங்கே சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லியாக வேண்டும். எதிரணிப் பயிற்சியாளர் கடைசி நொடியில் டைம்அவுட் கேட்டு கிக்கரைக் காக்கவைத்தால் அவர் பதறித் தவறவிடுவார் என்பார்கள். இதைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. என்னிடம் வந்த கிக்கர்களில் சிலர், தரையைச் சரிபார்க்கக் கூடுதல் நேரம் கிடைத்தது என்று மகிழ்ந்தார்கள். அழுத்தமான நேரத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் தனித் திறமை ஒன்று உண்டா என்பதும் அப்படித்தான். வினாட்டியேரிக்கு அது இருந்தது என்று ஊரே சொல்கிறது. ஆனால் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் உதைகள் ஒருவருக்கு வாழ்நாளில் சில டஜன்தான் கிடைக்கும். அவ்வளவு சிறிய கணக்கில் திறமையையும் தற்செயலையும் பிரித்தெடுக்க முடியாது என்பது என் கட்சி. மறுப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

உடம்பு விஷயத்தில் எனக்கு அவ்வளவு தயக்கமில்லை. அடிபடாத வேலை என்றீர்கள். உதைத்தவர்மேல் மோதினால் எதிரணிக்கு 15 கெஜம் தண்டனை என்பதால் மோதல் காயம் குறைவுதான். ஆனால் அதே அசைவை, அதே பக்கமாக, முழு வலுவோடு ஆயிரக்கணக்கான முறை செய்யும் உடம்பு கோணலாகத் தேயும். உதைகாலில் தொடையின் உட்புறத் தசையும் இடுப்பை மடக்கும் தசையும் கிழியும், இடுப்பு மூட்டுக் குருத்தெலும்பு நைந்துபோகும். ஊன்றுகாலில் முழங்காலும் கணுக்காலும் வாங்கும். கீழ்முதுகு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் பயிற்சியில் உதைகளை எண்ணுவோம். எங்களிடம் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நாளுக்கு முப்பது நாற்பது உதை, அதற்குமேல் கெஞ்சினாலும் விடமாட்டேன். ஓரமாகச் சும்மா நிற்கிறார்கள் என்று நீங்கள் பார்த்தது பாதி இந்தக் கணக்குதான். பந்து சுமக்கும் ஆட்டக்காரரைவிட இவர்கள் அதிக வயது வரை ஆட முடியும் என்பது உண்மை. அந்த வயது வரை நாற்காலி கிடைக்குமா என்பதை உடம்பு தீர்மானிப்பதில்லை.

சம்பளம்: 2024ல் கான்சஸ் சிட்டியின் ஹாரிசன் பட்கர் 4 ஆண்டுக்கு 2 கோடியே 56 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டார், கிக்கர்களில் அப்போது அதுவே உச்சம். அதே ஆண்டு டாலஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர், டாக் பிரெஸ்காட்டுக்கு ஓர் ஆண்டுக்கே சராசரி 6 கோடி. அந்த ஆண்டு புதிதாக வந்தவருக்கான குறைந்தபட்சம் 7,95,000 டாலர். நம் பார்வையில் பெரிய தொகைதான். ஆனால் அது பருவத்தின் 18 வாரத்துக்குப் பிரித்துக் கணக்கிடப்படுவது. நான்காம் வாரம் அனுப்பிவிட்டால் நான்கு வாரக் காசு. ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற மூன்று பருவம் கணக்கில் ஏற வேண்டும். பலர் அதை எட்டுவதற்குள் வேறு வேலை தேடிக்கொள்கிறார்கள்.

பருவம் நடக்கும்போது செவ்வாய்க்கிழமை பொதுவாக ஆட்டக்காரர்களுக்கு விடுமுறை. ஞாயிறன்று யாராவது ஒரு கிக்கர் சொதப்பியிருந்தால், செவ்வாயன்று அந்த அணி நாலைந்து பேரைத் தேர்வுக்கு அழைக்கும். என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருவன் கல்லூரி முடித்தபின் இப்படி மூன்று ஊர்களுக்குப் போய்வந்தான். காலி மைதானம், கூட்டமில்லை, ஆளுக்குச் சம எண்ணிக்கையில் உதைகள், ஓரத்தில் குறிப்பேட்டோடு இரண்டு மூன்று பேர். இரண்டாம் தேர்வில் ஒன்றுகூடத் தவறவில்லை என்றான். அங்கே வந்திருந்த இன்னொருவரும் தவறவில்லை, அவருக்கு ஏற்கெனவே லீகில் ஆடிய அனுபவம் இருந்தது. மாலை விமானத்தில் திரும்பிவிட்டான். இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. சனிக்கிழமைகளில் பள்ளிப் பையன்களுக்கு உதைக்கக் கற்றுக்கொடுக்கிறான், தானும் முப்பது உதை உதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான்.